டாஸ்மாக் பார்ல நடக்காம கேரம் கிளப்ல நடந்த லைவ் கானா பாட்காஸ்ட்: ஒரு நிகழ்வு ஆய்வு

ராயபுரம் காசிமேடு பக்கம் நாலஞ்சு பசங்க சேர்ந்து ஆரம்பிச்ச லைவ் கானா பாட்காஸ்ட் பத்தி தான் இது. ஸ்டூடியோலாம் கிடையாது, ஏரியா ஆளுங்க கூடுற எடத்துலயே பாட வெச்சு, கைதட்டு, விசிலு, சலசலப்பு எல்லாத்தோடயும் அப்படியே ரெக்கார்ட் பண்ணி எபிசோடா போடணும், அவ்ளோ தான் ஐடியா. வெளிநாட்டுல தெருமுனை பார்ல பேண்டு வாசிக்கிறத இப்படி எடுத்து பாட்காஸ்டா விடுறத பாத்து வந்த ஆசை. நான் சவுண்ட் சர்வீஸ்காரன், கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் தேரு, சாவுன்னு எல்லாத்துக்கும் பாக்ஸ் கட்டுறது தான் பொழப்பு. மைக் விஷயமா ஒரு வாட்டி பாத்துட்டு போண்ணான்னு கூப்ட்டாங்க, போனவன் அப்படியே அங்கயே ஒட்டிக்கிட்டேன். பசங்க பேரு, கிளப் பேரு, பாட்காஸ்ட் பேரு எதையும் இங்க போடல, அவங்க கேட்டுக்கிட்டது.

இந்த மாதிரி ஒண்ணு ஆரம்பிக்க நெனைக்கிறவங்க மொதல்ல கேக்குறது எந்த மைக் வாங்குனீங்கன்னு தான். அதையும் சொல்றேன். ஆனா கூடவே இருந்து பாத்த வரைக்கும் இது நடுவுல படுக்க பாத்ததும் சரி, திரும்ப எந்திரிச்சதும் சரி, யாருகிட்ட எதுக்கு சம்மதம் வாங்குனாங்க, எத வாங்காம விட்டாங்கன்றத வெச்சு தான். எடத்துக்காரர், பக்கத்து வீடு, பாடுறவர், பாட்டு கட்டுனவர், சும்மா உக்காந்து விசில் அடிக்கிறவன் வரைக்கும் அது போகுது.

பாரு ஏன் சரிப்படல

பசங்க மொதல்ல போய் பேசுனது ஒரு டாஸ்மாக் பார்ல தான். நம்மூர்ல தெருமுனை பார்னா வேற எது இருக்கு. 2003 நவம்பர்ல இருந்து சரக்க சில்லறைல விக்கிறதும் டாஸ்மாக் கைக்கு வந்துருச்சு, கடை கவர்மெண்டோடது, அத ஒட்டி இருக்குற பாரு டெண்டர் எடுத்தவரோடது, அவருக்கு வருமானம் சைடு டிஷ்ஷு, தண்ணி, டம்ளரு. மதியம் 12 மணில இருந்து ராத்திரி 10 மணி வரைக்கும் தான் கடை. எஃப்எல்3 லைசன்ஸ் வெச்சிருக்குற ஹோட்டல் பார்லாம் வேற கணக்கு, அங்க ஏசி இருக்கும் மேடை போட எடம் இருக்கும், ஆனா அங்க ஒரு பீருக்கு குடுக்குற காசுல நம்ம ஏரியா ஆளு குடும்பத்தோட பிரியாணி சாப்டுட்டு வந்துருவான், அவன் இல்லாம கானா கேக்க யாரு வருவா.

பாரு எடுத்திருந்தவரு விரட்டலாம் இல்ல, உக்கார வெச்சு பொறுமையா தான் பேசுனாரு. "தம்பி, குடிச்சிட்டு கேக்குறவன் சும்மா கேக்க மாட்டான், அவனும் பாடுவான். இவன் பாடுனா பக்கத்து டேபிள்காரன் பாடுவான். அப்புறம் எவன் பாட்ட நீ ரெக்கார்ட் பண்ணுவ?" இதுக்கு பசங்ககிட்ட பதில் இல்ல. டெண்டர் காலம் முடிஞ்சா பாரு வேற ஆளு கைக்கு போயிடும், அடுத்து வர்றவரு ஒத்துக்குவாரான்னு தெரியாது, அதையும் அவரே சொன்னாரு.

அவரு சொல்லாத இன்னும் ரெண்டு விஷயம் இருந்துச்சு. பாட ஒத்துக்கிட்டவங்கள்ல ஒரு அக்கா இருந்தாங்க, அவங்க டாஸ்மாக் பார் உள்ள கால் வெக்க மாட்டேன்னு ஒரே வார்த்தைல சொல்லிட்டாங்க. கானாவுல பொண்ணுங்க மேடை ஏற்றதே ரொம்ப நாளா நடக்காம இருந்த விஷயம், ராயபுரத்து இசைவாணி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்ன்ற பேண்டுல பாட ஆரம்பிச்சு 2020ல பிபிசியோட 100 பெண்கள் லிஸ்ட்ல வந்ததுக்கு அப்புறம் தான் வெளிய இருக்குறவங்களுக்கே பொண்ணுங்களும் கானா பாடுவாங்கன்னு தெரிஞ்சுது. அப்படி இருக்கும்போது பாடுறவங்கள்ல பாதி பேரு வர முடியாத எடத்துல லைவ் ஷோ வெக்கிறதுல என்ன அர்த்தம். ரெண்டாவது, பார்ல உக்காந்திருக்குறவன் எவனுக்கும் அவன் கொரலு ரெக்கார்ட் ஆகுறது புடிக்காது. வீட்ல ஓவர்டைம்னு சொல்லிட்டு வந்தவன் சிரிப்பு சத்தம் அவன் பொண்டாட்டி போன்லயே கேட்டா என்ன ஆகுறது. சிரிப்பா தான் இருக்கும், ஆனா லைவ் ரெக்கார்டிங்ல ஆடியன்ஸ் பாதி ப்ரோகிராம், அவங்க சம்மதம் இல்லாம அவங்க சத்தத்த எடுக்க முடியாது.

அப்படி தான் கேரம் கிளப் வந்துச்சு. வடசென்னைல ரெண்டு தெருவுக்கு ஒரு கேரம் கிளப் இருக்கும், புது வண்ணாரப்பேட்ட செரியன் நகர் பொண்ணு காசிமா 2024ல அமெரிக்கா போயி உலகக் கோப்பைல 3 தங்கம் அடிச்சிட்டு வந்ததுல இருந்து கிளப்புக்கெல்லாம் தனி கெத்து வந்துருச்சு. இந்த கிளப் ஒரு தகர ஷீட் போட்ட ஹாலு, ஒரு பக்கம் இரும்பு ஷட்டரு, கீழ சிமெண்ட் தரை, ஒவ்வொரு போர்டுக்கு மேலயும் கூம்பு மூடி போட்ட லைட்டு தொங்கும். வாசல்லயே டீக்கடை. கிளப் தலைவரு ரிட்டையர்டு ஹார்பர் தொழிலாளி. குடிச்சிட்டு எவனும் உள்ள வரக்கூடாது, போர்டு மேல டீ கிளாஸ் வெக்கக்கூடாது, ஒம்பதரைக்கு கடைசி பாட்டு. இந்த மூணையும் சொல்லிட்டு சாவிய குடுத்துட்டாரு. வாடகை கேக்கல. பதிலுக்கு எபிசோட் ஆரம்பத்துல ஏரியா பேரு சொல்லணும், கிளப் பேரு சொல்லக்கூடாதுன்னாரு, ஏன்னு கேட்டதுக்கு "நாளைக்கு எதுனா பிரச்சனைனா ஏரியாவ புடிச்சி ஜெயில்ல போட முடியாதுல்ல"ன்னாரு.

பாக்ஸே வேணாம்னு எடுத்த முடிவு

நான் போனதும் சொன்ன மொத விஷயம் ஸ்பீக்கர் பாக்ஸ் கட்ட வேணாம்ன்றது. பாக்ஸ் கட்டி சம்பாதிக்கிறவன் இப்படி சொன்னா வித்தியாசமா தான் பாப்பாங்க, பாத்தாங்க. 2000ல வந்த ஒலி மாசு விதிப்படி ஒலிபெருக்கி வெச்சா எழுத்துல அனுமதி வாங்கணும், ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் வெக்கவே கூடாது, குடியிருப்பு ஏரியாவுல பகல்லயே 55 டெசிபல் தான் அளவு. 55ன்றது ரெண்டு பேரு சாதாரணமா பேசுற சத்தம் அளவுக்கு தான் வரும். ஒவ்வொரு வாரமும் ஸ்டேஷனுக்கு லெட்டர் எடுத்துட்டு அலைய பசங்களால முடியாது. அந்த ஹாலுக்கு பாக்ஸ் தேவையும் இல்ல, டோலக்கும் கானா தொண்டையும் இருந்தா அம்பது பேருக்கு தாராளமா கேக்கும். பாக்ஸ் இல்லாததால ரெக்கார்டிங்குக்கு ஒரு பெரிய லாபம் என்னன்னா, பாக்ஸ் சத்தம் திரும்ப மைக்ல போய் விழுந்து கொழகொழன்னு ஆகுறது இல்ல, கூவுறதும் இல்ல.

பிரச்சனை பாடுறவங்க கிட்ட வந்துச்சு. கானா பாடுறவருக்கு எக்கோ இல்லாம முடியாது. மைக்ல எக்கோ போட்டு அது திரும்பி காதுல விழுந்தா தான் அவருக்கு மூடு வரும், அந்த எக்கோவோட வாலு முடியுற நேரத்த வெச்சு தான் அடுத்த வரிய புடிப்பாரு. பாக்ஸ் இல்ல, எக்கோ இல்லன்னதும் மொத நாள் வந்த அண்ணன் ரெண்டு வரி பாடிட்டு நிறுத்திட்டாரு. "இன்னாபா, சட்டை இல்லாம நிக்கிற மாதிரி கீது." அதுக்கப்புறம் அவருக்கு மட்டும் கேக்குற மாதிரி சின்னதா ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கீழ வெச்சு, எக்கோவ அதுக்கு மட்டும் அனுப்பி, ரெக்கார்டருக்கு எக்கோ இல்லாத கொரல தனியா எடுத்தோம். மானிட்டர மைக்குக்கு நேர் பின்பக்கம் பாத்து வெக்கணும், ஏன்னா கார்டியாய்டு மைக்கோட முதுகு பக்கம் தான் காது கேக்காது. சைடுல தள்ளி வெச்சா எக்கோ உள்ள பூந்துரும். அப்புறம் எடிட்ல எவ்ளோ எக்கோ வேணுமோ அவ்ளோ போட்டுக்கலாம், ஒரேடியா பூசி வந்தத எடுக்க முடியாது.

சாமான் பெருசா ஒண்ணும் இல்ல. ஜூம் எச்6 ரெக்கார்டர் ஒண்ணு வாடகைக்கு, அதுல நாலு மைக் சொருகலாம், தலைல ரெண்டு மைக் அதோடயே வரும். கொரலுக்கு என்கிட்ட இருந்த எஸ்எம்58, டோலக்குக்கு ஒரு மைக், கீபோர்டுக்கு டிஐ பாக்ஸ் (மைக் இல்லாம நேரா ஒயர் சொருகுற சின்ன டப்பா) வழியா ஒரு லைன், நாலாவது கோரஸ் பாடுற பசங்களுக்கு. தலைல இருக்குற ரெண்டு மைக்கு ஆடியன்ஸுக்கு. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்ல ஆறு டிராக்கும் ஓடுனா மணிக்கு 3 ஜிபிக்கு மேல எழுதும், ரெண்டரை மணி நேர ஷோன்னா கார்டு எப்படி இருக்கணும்னு பாத்துக்கோங்க. கொரலோட உச்சம் மீட்டர்ல மைனஸ் 12 டெசிபல தாண்டாம வெச்சோம், கானாவுல காதோட பேசுற மாதிரி பாடிட்டு இருக்குறவரு சொல்லாம கொள்ளாம கத்துவாரு, கம்மியா எடுத்தா பின்னாடி ஏத்திக்கலாம், கிழிஞ்சு போனத ஒண்ணும் பண்ண முடியாது.

ஹாலு தான் வேலை வாங்குச்சு. கைய தட்டுனா ஷட்டர்ல பட்டு டிங்னு ஒரு சத்தம் திரும்பி வரும். ஃபோம் ஒட்டலாம்னு ஒரு தம்பி நெட்ல பாத்துட்டு வந்தான், அதுக்கு ஆகுற காசுக்கு கிளப்புக்கு ரெண்டு புது போர்டே வாங்கிடலாம். பந்தல்காரர் கிட்ட இருந்து ஷாமியானா சைடு துணி, அந்த கெட்டியானது, மடிப்பு மடிப்பா ஷட்டர் மேல தொங்க விட்டோம், தரைல ரெண்டு ஜமுக்காளம், கேரம் போர்டயெல்லாம் பின் செவுத்துல கொஞ்சம் சாய்வா நிக்க வெச்சோம். மிச்சத்த கூட்டமே பாத்துக்கிச்சு, ஆளு நெறைய உக்காந்தா எந்த ஹாலும் அடங்கும்.

ஃபேன நிறுத்த முடியாது, தகரத்துக்கு கீழ சித்திர மாசம் ஃபேன் இல்லாம உக்காந்து பாருங்க. பாடுறவரு தலைக்கு மேல இருக்குறது மட்டும் ஆஃப், மத்தது ஸ்லோ. போர்டுல தூவுற போரிக் பவுடர் வேற, கேரம் கிளப்ல அது காத்துலயே இருக்கும், ஃபேன் அடிச்சு மைக் வலைல வெள்ளையா படிஞ்சிரும், ஷோ முடிஞ்சதும் கழட்டி தட்டணும். வெளிய ஹார்பருக்கு போற கண்டெய்னர் லாரி. அதோட உறுமல் 80 ஹெர்ட்ஸுக்கு கீழ தான் ஜாஸ்தி, கொரல் மைக்ல அதுக்கு கீழ இருக்குறத வெட்டிரலாம், ஆனா டோலக் மைக்ல வெட்டுனா கும்முன்னு வர்ற அந்த பக்கம் செத்துரும், அதனால டோலக்ல லாரி கொஞ்சம் இருந்துட்டு போகட்டும்னு விட்டாச்சு. இஷா தொழுக பாங்கு சொல்ற நேரத்துல எப்பவுமே பிரேக். இத யாரும் ரூல்னு எழுதல, ஏரியாவுல அது அப்படி தான்.

ஆடியன்ஸ் மைக்க பத்தி ஒண்ணு. ரெக்கார்டர் பாடுறவர்ல இருந்து அஞ்சு மீட்டர் தள்ளி இருந்துச்சுன்னா அவரு கொரலு அங்க போய் சேர கிட்டத்தட்ட 15 மில்லி செகண்ட் ஆகும், ரெண்டு டிராக்கையும் அப்படியே சேத்தா கொரலு ஓட்ட டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும். எடிட்ல ஆடியன்ஸ் டிராக்க அந்த 15 முன்னாடி இழுத்து வெச்சா சரியாயிடும். எடிட் பண்ற தம்பிக்கு இது புரியுற வரைக்கும் நான் தூங்குன மாதிரியே இல்ல.

டோலக் இறுக்குற நேரம்

கடல் பக்கத்துல சாயங்காலம் காத்துல ஈரம் ஏறும், டோலக் தோலு தளரும், சுதி எறங்கும். ரெண்டு பாட்டுக்கு ஒரு வாட்டி டோலக் அண்ணன் கயித்து வளையத்த தட்டி தட்டி இறுக்குவாரு, தட்டி பாப்பாரு, திரும்ப இறுக்குவாரு. மொத எபிசோட் எடிட்ல தம்பி இதையெல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு பாட்ட மட்டும் வரிசையா வெச்சான், சுத்தமா இருந்துச்சு, கேக்க எங்கயோ ஸ்டூடியோல எடுத்த மாதிரி இருந்துச்சு. கேட்டுட்டு தலைவரு கேட்டாரு, இதுக்கு நீங்க ஏண்டா எங்க கிளப்புக்கு வந்தீங்க.

அந்த இறுக்குற நேரத்துல பாடுறவரு சும்மா இருக்க மாட்டாரு. இந்தப் பாட்ட எந்த சாவுல மொதல்ல பாடுனாரு, அந்த வீட்டுல விடிய விடிய பாடிட்டு காலைல என்ன நடந்துச்சு, மூலக்கொத்தளம் சுடுகாட்டுல மழைல மாட்டிக்கிட்ட கதைன்னு ஓடும், கூட்டத்துல ஒருத்தன் எடுத்துக் குடுப்பான், இவரு இல்லடா அது வேற ஆளுன்னு திருத்துவாரு. பின்னாடி டோலக் டொப் டொப்னு ஏறிக்கிட்டே இருக்கும், பேச்சு முடியறப்ப சுதி வந்து நிக்கும், அப்படியே பாட்டு தொடங்கும். அடுத்த எபிசோட்ல இருந்து இத வெச்சாங்க. ஸ்டாட்ஸ்ல பாத்தா தொகுத்து பேசுற எடம் வந்தா ஜனம் தள்ளி விட்டு போகுது, டோலக் இறுக்குற எடத்துல கேக்குறவங்க எண்ணிக்கைய காட்டுற கோடு எறங்கவே இல்ல. தொகுப்பாளரா இருந்த தம்பிக்கு கொஞ்சம் வருத்தம் தான், அவன் பேசுறது இப்ப பேரு, ஊரு, பாட்டு கட்டுனவரு யாருன்றதோட முடிஞ்சிடுது.

ஷெட்யூல் போடுறது தான் தலைவலி. சாவு வீட்டுல பாடுற மரண கானா பாடுறவங்க டைரி அவங்க கைல இல்ல. ஞாயித்துக்கிழமை ரெக்கார்டிங்னு சொல்லி வெச்சிருப்போம், மத்தியானம் போன் வரும், தம்பி வியாசர்பாடில ஒரு சாவு, நான் போகணும். கோவப்பட முடியாது, அவங்க சோறு அது, நம்மகிட்ட வந்தா கைக்காசு தான். அதனால ஒவ்வொரு வாரத்துக்கும் ரெண்டாவது ஆள் ஒருத்தர ரெடியா வெச்சாங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், 61 நாளு, விசைப்படகு ஒண்ணும் போகாது, அப்ப காசிமேடே கரைல தான் இருக்கும், கூட்டம் அள்ளும். ஆனா அந்த ரெண்டு மாசம் எவன் கைலயும் காசு இருக்காது, பாடுறவருக்கு விழுற அன்பளிப்பு அப்படியே எறங்கிடும். கூட்டத்த பாத்துட்டு இது தான் சீசன்னு பசங்க நெனச்சாங்க, பாடுற அண்ணன் தான் கணக்கு சொன்னாரு.

அன்பளிப்பு விஷயத்துல எங்களுக்குள்ள பெரிய சண்டையே நடந்துச்சு. பாட்டு நடுவுல ஒருத்தர் எந்திரிச்சு வந்து நோட்ட குத்துவாரு, பாடுறவரு பாட்ட நிறுத்திட்டு, இன்னாரு சார்பா நூறு ரூபான்னு பேரு சொல்லி வாழ்த்திட்டு விட்ட எடத்துல இருந்து புடிப்பாரு. ஒரு தம்பி அத வெட்டணும்னான், பாட்டு கெடுதுன்னு. நான் வெக்கணும்னேன், கானா இப்படி தான் நடக்கும், அத வெட்டுனா பாடுறவரு எதால சாப்புடுறாருன்னே கேக்குறவனுக்கு தெரியாது. கடைசில காசு குடுக்குற சத்தமும் வாழ்த்தும் இருக்கும், பேரு சொல்றத மட்டும் குடுத்தவர்கிட்ட கேட்டுட்டு வெக்கிறதுன்னு முடிவாச்சு. ஆச்சரியமா முக்கால்வாசி பேரு கண்டிப்பா என் பேரு வரணும்னு தான் சொன்னாங்க.

பாட்டு யாரோடது

இங்க தான் பாட்காஸ்டே படுக்க பாத்துச்சு. ஒரு எபிசோட் போட்டு நல்லா ஓடிட்டு இருந்துச்சு, வாட்ஸாப்ல ஏரியா ஏரியாவா சுத்துச்சு. வியாசர்பாடில இருந்து ஒரு பெரியவர் போன் பண்ணாரு. கோவமா கூட பேசல. "கண்ணு, அதுல மூணாவது பாட்டு நான் கட்டுனது. அந்தப் பையன் நல்லா பாடிருக்கான். என் பேரு சொல்லல." பாடுன அண்ணன் மேல தப்பு சொல்ல முடியாது, அவரு அத ஒரு சாவுல கேட்டு கத்துக்கிட்டாரு, அவருக்கு சொல்லிக் குடுத்தவரும் அப்படியே கத்துக்கிட்டவரு. கானா வாய் வழியா தான் பரவும், பாட்டு ஓடும், கட்டுனவர் பேரு பாதில எறங்கிடும்.

பசங்கள்ல ஒருத்தன் சொன்னான், ரிஜிஸ்டர் பண்ணலல்ல, நாம ஏன் பயப்படணும்னு. அது தப்பு. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி ரிஜிஸ்டர் பண்ணாத பாட்டுக்கும் உரிமை இருக்கு, எழுதுனவரு போய் சேர்ந்ததுக்கு அப்புறமும் 60 வருஷம் நிக்கும். பெரியவர் லாங் சைஸ் நோட்டு ஒண்ணு வெச்சிருந்தாரு, ஒவ்வொரு பாட்டுக்கும் கீழ தேதி, யாரு சாவுக்கு கட்டுனதுன்னு, ஓரத்துல மெட்டு எதுன்னு ஒரு குறிப்பு. எபிசோட அன்னிக்கு ராத்திரியே எறக்கிட்டாங்க. அடுத்த வாரம் அவர ஆட்டோ வெச்சு கூட்டிட்டு வந்து கிளப்ல உக்கார வெச்சு, அவரு முன்னாடியே அந்த அண்ணன் திரும்ப பாடுனாரு, நடுவுல ரெண்டு வரி மாறிப் போனத பெரியவர் நிறுத்தி திருத்துனாரு, அந்த திருத்தத்தோடயே திரும்ப போட்டாங்க. இப்ப இருக்குற எபிசோட்லயே அதிகமா பகிர்ந்தது அது தான்.

அதுக்கப்புறம் ஒரு பக்கத்துல தமிழ்ல ஒரு பேப்பர் அடிச்சாங்க. பாடுறவருக்கு ஒண்ணு, பாட்டு கட்டுனவருக்கு ஒண்ணு. வாயால ஓகே சொல்றத ரெக்கார்ட் பண்ணி வெச்சா போதாதான்னு கேட்டாங்க, போதாது, லைசன்ஸ் எழுத்துல இருக்கணும்னு சட்டம் சொல்லுது. அதுல ரெண்டு விஷயம் விட்டுறக் கூடாது. எவ்ளோ காலத்துக்குன்னு எழுதலன்னா 5 வருஷம்னு எடுத்துக்கும், எந்த ஊருக்குன்னு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்னு எடுத்துக்கும். பாட்காஸ்ட் போட்டா சவுதில இருக்குற நம்ம பையனும் கேப்பான், மலேசியாவுலயும் கேப்பாங்க, அதனால உலகம் முழுக்கன்னு எழுதணும். பாடுறவருக்கும் தனியா உரிமை இருக்கு, பாட்டு அவரு எழுதலன்னாலும், அவரு பாடுனதுல 50 வருஷ உரிமை, 2012 திருத்தத்துக்கு அப்புறம் அத வெச்சு காசு பாத்தா அதுல பங்கும், பேரு போடணும்னு கேக்குற உரிமையும் இருக்கு. வக்கீல் ஒருத்தர் காசு வாங்காம இத பாத்துக் குடுத்தாரு, கானா பைத்தியம் அவரு.

இன்னொரு வில்லங்கம் மெட்டு. கானாவுல சினிமா மெட்டுல புது வார்த்த போடுறது சகஜம், மேடைல யாரும் கேக்க மாட்டாங்க, ஆனா யூடியூப்ல ஏத்துனா மெஷின் புடிச்சிரும், விளம்பரக் காசு வேற கம்பெனிக்கு போகும் இல்ல எபிசோடே முடங்கும். அதனால சொந்த மெட்டு, இல்ல கானாவுக்கே உரிய பழைய மெட்டுன்னு ஒரு வடிகட்டல் வெச்சாங்க. இதுல கொஞ்சம் நல்ல பாட்டெல்லாம் போச்சு, வயித்தெரிச்சல் தான். ஆனா சினிமா மெட்ட விட்டதும் பாடுறவங்க பழைய மெட்டயெல்லாம் தோண்டி எடுத்துட்டு வந்தாங்க, அவங்க அப்பா காலத்துல பாடுனது, கேட்டே பல வருஷம் ஆனது.

மரண கானாவுல செத்தவர் பேரு, அவரு புள்ளைங்க பேரு எல்லாம் வரும். அந்த மாதிரி பாட்டு பாடுனா அந்த குடும்பத்துகிட்ட கேக்காம போடுறதில்ல. நெசமான சாவு வீட்டுல போய் ரெக்கார்ட் பண்ணலாம்னு ஒருத்தர் யோசனை சொன்னாரு, பசங்களே வேணாம்னுட்டாங்க. ரவுடிய புகழ்ந்து பாட்டு வேணாம், பொண்ணுங்கள அசிங்கப்படுத்துற பாட்டு வேணாம்ன்றது அந்த அக்கா போட்ட கண்டிஷன், மொத்த டீமும் ஒத்துக்கிச்சு. இதனால ஒரு ஃபேமஸான பையன் வரல. வராதது நல்லது தான்னு எனக்கு தோணுது, ஆனா வந்திருந்தா வ்யூஸ் எகிறிருக்கும்ன்றதும் உண்மை.

இப்ப எப்படி இருக்கு

எபிசோட் முக்கால் மணி நேரம் வரும். 128 கேபிபிஎஸ் எம்பி3ன்னா நிமிஷத்துக்கு ஒரு எம்பி கணக்கு, தினம் ஒண்ணரை ஜிபி டேட்டா போட்டிருக்குற ஆளுக்கு பாரமே இல்ல. எபிசோடோட சராசரி சத்தத்த மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ்ல (சத்தம் எவ்ளோ ஜாஸ்தியா கேக்குதுன்னு அளக்குற அளவு) கொண்டு வந்து நிறுத்துறாங்க, ஆப்பிள் சொல்ற அளவு அது, இல்லன்னா ஒரு எபிசோட் சத்தமாவும் இன்னொண்ணு மெதுவாவும் கேக்கும். ஃப்ரீயா ஏத்துற எடத்துல தான் ஏத்துறாங்க, கேக்குறவங்க முக்கால்வாசி யூடியூப்ல தான் கேக்குறாங்க, ஒரு போட்டோவ வெச்சு ஓட விடுறது. வீடியோ எடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. கேமரான்னு ஒண்ணு வந்தா கூட்டம் அத பாத்து உக்காந்துக்கும், டோலக் அண்ணன் தலை சீவிட்டு வருவாரு, இப்ப இருக்குற சகஜம் போயிடும்ன்றது என் வாதம், பசங்க இன்னும் முடிவு பண்ணல.

காசு இன்னும் பெருசா ஒண்ணும் வரல. அன்னன்னைக்கு விழுற அன்பளிப்பு மொத்தமும் பாடுற செட்டுக்கு, அதுல யாரும் கை வெக்கிறதில்ல. வெளில இருந்து எதுனா வந்தா பாடுறவர், பாட்டு கட்டுனவர், வாசிக்கிறவங்க, டீமுன்னு பங்கு பேப்பர்லயே எழுதிருக்கு. அக்கவுண்ட் ஆரம்பத்துல ஒரு தம்பியோட சொந்த மெயில் ஐடில இருந்துச்சு, அவனுக்கு துபாய்ல வேலை கெடச்சு கெளம்புற அவசரத்துல பாஸ்வேர்ட் கூட யாருக்கும் தெரியலன்னு ஒரு பதட்டம் வந்துச்சு, அப்புறம் பொதுவா ஒரு மெயில் போட்டு மாத்திட்டாங்க, இப்ப அந்த பாஸ்வேர்ட் கிளப் தலைவர்கிட்ட ஒரு கவர்ல இருக்கு, கேரம் டோர்னமெண்ட் ரசீது புக்கோட.

ஐப்பசி கார்த்திகைல ரெக்கார்டிங் கெடையாது. தகரத்து மேல மழை விழுந்தா எந்த ஃபில்டரும் ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடியே எடுத்து வெச்சத அந்த மாசங்கள்ல போடுவாங்க. தடைக்காலத்துல வார நாள்லயும் வெச்சுக்கலாமான்னு தலைவர்கிட்ட கேட்டிருக்காங்க. மே மாசம் பசங்களுக்கு கேரம் கோச்சிங் இருக்கு, ஏப்ரல் மட்டும்னா பாத்துக்கோங்கன்னு சொல்லிருக்காரு.